பாப்பாரப்பட்டியில் ஒரு ஜெயில் உடைப்பு

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் பயப்பட வேண்டாம். கம்பி எண்ணுற ஜெயில் இல்ல. உள்ளங்கை அகலத்துல, பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு, நூறு கிராம் சுமாருக்கு எடை இருக்கிற ஒரு சின்ன ஜெயில். உள்ள மாட்டிக்கிட்டது எங்க ஆயா. அதாவது, ஆயாவோட குரல்.

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த விஷயம். இப்ப கொசுவத்தி சுத்த ஆரம்பிக்கிறேன். 2012க்கு வாங்க.

அந்த வருஷம் தமிழ்நாட்டுல இருந்தவங்களுக்கு வேற எது மறந்தாலும் கரண்ட் கட் மறந்திருக்காது. சென்னைவாசிகளுக்கு அது செய்தி, மத்த எல்லாருக்கும் அது வாழ்க்கை. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். ஐப்பசி, கார்த்திகையில அது பன்னெண்டு மணி நேரத்தையும் தாண்டுச்சு. எங்க அப்பாவுக்கு வயல்ல மோட்டார் போடணும்னா மும்முனை கரண்ட் வேணும். அது ராத்திரி எப்ப வரும்னு அந்த மின்வாரியத்துக்கே வெளிச்சம் (சரி, அவங்களுக்கும் வெளிச்சம் இல்லதான்). வரப்புல துண்ட விரிச்சு உக்காந்து காத்துக்கிட்டிருப்பார்.

அப்ப நான் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஆணி புடுங்கிட்டிருந்தேன். அக்காவும் மாமாவும் பெங்களூர். மாமா ஆசையா ஒரு ஐபாட் டச் வாங்கி வெச்சிருந்தார். நாலாம் தலைமுறை, 2010 செப்டம்பர்ல வந்த மாடல். ஐபாட் டச்லயே மொதமொதல்ல கேமராவும், உள்ளேயே மைக்கும் வெச்சு வந்தது அதுதான். மாமா ஒரு ஆறு மாசம் பாட்டு கேட்டார். அப்புறம் அது அக்கா பொண்ணு கைக்குப் போயிருச்சு. அவளுக்கு அப்ப எட்டு வயசு. பாப்பான்னே சொல்றேன், இப்ப பேர் போட்டா அடிக்க வருவா.

ஆடிப் பெருக்குக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தாங்க. ஒகேனக்கல் கூட்டத்துல மிதிபட்டு, மீன் தின்னுட்டு, சாயங்காலம் வீடு திரும்புனா வழக்கம்போல கரண்ட் இல்ல. திண்ணையில ஆயாவும் பாப்பாவும் மட்டும். நாங்க எல்லாம் மொட்டை மாடியில. அந்த இருட்டுல ஆயா ஒரு பாட்டு பாடிச்சாம். ஏந்திரக் கல்லுல ராகி அரைக்கும்போது பாடுற பாட்டு. அத பாப்பா ஐபாட்ல பதிவு பண்ணியிருக்கா. ராத்திரி சாப்பிடும்போது "பெரிய ஆயா பாட்டு என்கிட்ட இருக்கே"ன்னு அவ சொன்னப்ப யாரும் காதுல போட்டுக்கல. நானும்தான்.

ஐப்பசியில ஆயா போயிருச்சு. வயசு எண்பதுக்கு மேல. ராத்திரி களி தின்னுட்டுப் படுத்தது, காலையில எந்திரிக்கல. கல்யாணச் சாவுன்னு பறை, பூப்பல்லக்கு எல்லாம் வெச்சு எடுத்தோம். அப்பா அழவே இல்ல. ஆளுங்களுக்கு டீ சொல்றதும், பந்தலுக்குக் காசு எண்ணிக் குடுக்கிறதுமா இருந்தார்.

கருமாதி அன்னிக்குச் சாயங்காலம், எல்லாரும் ஓய்ஞ்சு உக்காந்திருக்கும்போது அப்பா என்கிட்ட வந்து, வேற எங்கயோ பாத்துக்கிட்டுக் கேட்டார்.

"அந்தப் புள்ள ஏதோ பாட்டு புடிச்சி வெச்சிருக்குன்னுச்சே. இருக்குமா?"

அவ்வளவுதான். எங்க அப்பா என்கிட்ட இதுவரைக்கும் கேட்ட பொருள்கள் ரொம்பக் கம்மி. அதனால அது எனக்கு உத்தரவு மாதிரி.

பாப்பாவத் தேடுனா ஐபாட் வேற பசங்க கையில. திரையில "ஐபாட் முடக்கப்பட்டது, ஐடியூன்ஸுடன் இணைக்கவும்"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல நிக்குது. விசாரிச்சா விஷயம் இதுதான். பாப்பா கடவு எண்ணை மாத்திட்டா. சித்தப்பா வீட்டுப் பசங்க கேம் ஆடணும்னு கேட்டுப் பாத்திருக்காங்க, அவ சொல்லல. அவங்களே வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் போட்டிருக்காங்க. அஞ்சு தடவை தப்பாப் போடலாம். ஆறாவது தப்புக்கு ஒரு நிமிஷம் பூட்டிக்கும். ஏழாவதுக்கு அஞ்சு நிமிஷம், எட்டாவதுக்குப் பதினஞ்சு, அப்புறம் ஒரு மணி நேரம். பெரியவங்க கருமாதி வேலையில இருக்க, பசங்க பொறுமையா ஒவ்வொரு தடவையும் காத்திருந்து முயற்சி பண்ணியிருக்கானுங்க. இந்தப் பொறுமைய படிப்புல காட்டியிருந்தா மாநிலத்துல மொத ரேங்க்.

கடைசிக் கட்டத்துக்கு அப்புறம் சரியான எண்ணே தெரிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல, போடுற இடமே திரையில வராது. முன்னாடி இணைச்சுப் பழகின கம்ப்யூட்டர் இருந்தா அதுல செருகிப் பாக்கலாம். மாமாவோட பழைய பொட்டி ஃபார்மட் பண்ணி வித்தாச்சு. ஐகிளவுட் காப்பு? அப்ப அந்த வசதி வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, மாமா போட்டு வைக்கல.

மறுநாள் டவுன் பஸ் புடிச்சு தருமபுரி போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடை. அந்தக் கடைப்பையன் தினமும் மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுத்தே பொழப்பு ஓட்டுறவன். ஐபாட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"அண்ணா, கார்டு எங்கண்ணா போடறது?"

"கார்டு கிடையாதுப்பா."

"அப்ப ரீஸ்டோர்தாண்ணா. எல்லாம் அழிஞ்சிரும், புதுசு மாதிரி ஆயிரும். முந்நூறு ரூவா."

பையன் நேர்மையா சொன்னான், அதுக்கு நன்றி. அழிஞ்சிரும்ங்கிற வார்த்தைய கேட்டதும் ஐபாட்டைப் பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

ராத்திரி படுத்தா தூக்கம் வரல. அப்பத்தான் ஜெயில்பிரேக் ஞாபகம் வந்துச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் வரலாறு. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க.

ஐபோன் அமெரிக்காவுல 2007 ஜூன் 29 அன்னிக்கு வந்தது. யுஎஸ்பி வழியா கம்ப்யூட்டர்ல செருகுனா அதுக்குள்ள ஒரே ஒரு ஃபோல்டர்தான் கண்ணுக்குத் தெரியும், படமும் பாட்டும் இருக்கிற ஃபோல்டர். மத்த இடத்துக்கெல்லாம் போக முடியாத மாதிரி சுவர். இப்படி ஒரு நிரலை ஒரு எல்லைக்குள்ள அடைச்சு வைக்கிறதுக்கு யூனிக்ஸ் உலகத்துல ஜெயில்னே பேர் உண்டு. அந்தச் சுவரை உடைச்சதால ஜெயில்பிரேக். ஐபோன் வந்த கொஞ்ச வாரத்துலயே உடைச்சிட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ்ங்கிற 17 வயசுப் பையன், போனைக் கழட்டி சால்டரிங் வெச்சு, எந்த சிம்மும் போடலாம்ங்கிற மாதிரி ஆக்கினான். அதைக் குடுத்துட்டு ஒரு நிஸ்ஸான் காரும் மூணு ஐபோனும் வாங்கிக்கிட்டான். நம்மூர்ல 17 வயசுல நாமெல்லாம் ரேடியோவைக் கழட்டி மாட்டத் தெரியாம அடி வாங்குனவங்க.

2007 அக்டோபர்ல ஐபாட் டச்சையும் ஐபோனையும் வெறும் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தே உடைக்கிற முறை வந்துச்சு, ஒரு டிஃப் படக் கோப்புல இருந்த ஓட்டை வழியா. ஆப்பிளோட ஆப் ஸ்டோர் 2008 ஜூலையிலதான் வந்தது. அதுக்கு முன்னாடியே ஜே ஃப்ரீமேன் சிடியாவை வெளியிட்டுட்டார். அதாவது அந்தக் கருவியில வெளியாள் எழுதின நிரலைப் போடலாம்ங்கிற பழக்கத்தை மொதல்ல ஆரம்பிச்சு வெச்சவங்க இந்த உடைப்பாளிகள்தான். இந்தியாவுக்கு ஐபோன் அதே 2008 ஆகஸ்ட் 22ல வந்தப்ப 8 ஜிபி விலை 31,000 ரூபாய். எங்கூர்ல அப்ப அந்தக் காசுக்கு நல்ல கறவை மாடு வாங்கியிருக்கலாம், கன்னுக்குட்டியோட.

இந்த உடைப்புகள்ல ரெண்டு வகை. சாஃப்ட்வேர்ல இருக்கிற ஓட்டைன்னா அடுத்த அப்டேட்ல அடைச்சிடுவாங்க. ஆனா கருவி உயிர் பெறும்போது மொதமொதல்ல ஓடுற பூட் ராம்ங்கிற சின்ன நிரல் சிப்புலயே பொறிச்சது. அதுல ஓட்டை இருந்தா அந்தச் சிப் இருக்கிற வரைக்கும் ஓட்டைதான். வீட்டைக் கட்டி முடிச்சப்புறம் அஸ்திவாரத்துல செங்கல் கொறையுதுன்னு கண்டுபிடிச்ச மாதிரி. 2010 அக்டோபர்ல அப்படி ஒரு ஓட்டையோட ஒரு குழு தயாரா இருந்துச்சு. 10-10-10ன்னு நல்ல நாள் குறிச்சு வெச்சிருந்தாங்க. அதே ஜார்ஜ் ஹாட்ஸ் ஒரு நாள் முன்னாடி, 9ஆம் தேதியே, வேற ஒரு பூட் ராம் ஓட்டையோட லைம்ரெய்ன்ங்கிற நிரலை விட்டுட்டார். முதல் குழு தன் ஓட்டையை வெளியிடாம நிறுத்தி வெச்சுச்சு. அந்த லைம்ரெய்ன் பலிக்கிற கருவிகள்ல எங்க ஐபாட்டும் ஒண்ணு!

சிக்கல் என்னன்னா, சாதாரண ஜெயில்பிரேக் எனக்கு உதவாது. அது சிடியா போடுறதுக்கு, எழுத்துரு மாத்துறதுக்கு. அதுக்கும் மேல, அப்டேட் ஆக ஆக ஜெயில்பிரேக்கே கயிறு கட்டுன மாடாத்தான் கிடைக்கும். ஒவ்வொரு தடவை அணைஞ்சு எரியும்போதும் லேப்டாப்புல கட்டித்தான் எழுப்பணும். எனக்கு வேண்டியது அந்த ஒரு குரல் பதிவு. எதையும் எழுதாம, எதையும் அழிக்காம உள்ள போய்ட்டு வெளிய வரணும்.

அதுக்கும் வழி இருந்துச்சு. ராம்டிஸ்க்னு சொல்வாங்க. பூட் ராம் ஓட்டை வழியா, ஐபாட்டோட சொந்த இயங்குதளத்தை எழுப்பாம, நாம குடுக்கிற ஒரு குட்டி இயங்குதளத்தை அதோட தற்காலிக நினைவகத்துல மட்டும் ஏத்தி எழுப்புறது. அணைச்சா அது காத்துல போயிரும். ஆனா அது உயிரோட இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற சேமிப்பைப் படிக்கலாம். இதுக்குன்னே ஒரு ஜாவா நிரல் இலவசமாக் கிடைச்சுது. அது தேவையான துண்டுகளை ஆப்பிளோட சர்வர்ல இருந்தே எடுத்துக்கும், முழு ஐஓஎஸ் கோப்பையும் இறக்கத் தேவையில்ல. டேட்டா கார்டு வெச்சிருந்த எனக்கு அது பெரிய புண்ணியம்.

லேப்டாப்புக்கு எங்க போறது? தங்கச்சி அதுக்கு முந்தின வருஷம் பிளஸ் டூ. 2011 செப்டம்பர் 15ல ஜெயலலிதா ஆரம்பிச்சு வெச்ச விலையில்லா லேப்டாப் திட்டத்துல அவளுக்கு ஒண்ணு வந்திருந்துச்சு. பையில பத்திரமா, மேல ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட எடுக்காம வெச்சிருந்தா. குடுக்கமாட்டேன்னா. ஆயா பாட்டுக்குன்னதும் குடுத்துட்டா.

அப்பா வந்து பாத்தார். "என்னடா பண்ற?"

"ஜெயில் பிரேக்குப்பா."

"சிவா ஊர்ல இருந்துக்கிட்டு ஜெயிலை உடைக்கப் போறியா?"

எங்கூரைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் சுப்பிரமணிய சிவா. 1908ல வ.உ.சி.யோட கைதாகி, ஜெயில்ல தொழுநோய் வாங்கிக்கிட்டு, 1912ல வெளிய வந்தவர். நோயைக் காரணம் காட்டி ரயில்ல ஏறக் கூடாதுன்னு தடை போட்டப்புறமும் நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராப் போனவர். பாரதமாதா கோயில் கட்டணும்னு பாப்பாரப்பட்டியில ஆசிரமம் வெச்சு, 1925 ஜூலை 23ல இங்கதான் கண்ண மூடினார். அவர் எந்தச் சிறையையும் உடைக்கல, சிறைதான் அவர் உடம்பை உடைச்சது. அப்பா கிண்டலாச் சொன்னதுதான், ஆனா ஆயா போனதுக்கப்புறம் அவர் அடிச்ச மொத கிண்டல். எனக்குத் தெம்பாயிருச்சு.

சட்டப்படி சரியான்னும் யோசிச்சேன். அமெரிக்காவுல 2010 ஜூலையில போனை ஜெயில்பிரேக் பண்றது தப்பில்லன்னு விலக்கு குடுத்தாங்க. ஆனா ஐபாட் போன் இல்லியாம், அதுக்கு அந்த விலக்கு பொருந்தாது :-) டேப்லெட் மாதிரி கருவிகளுக்கெல்லாம் 2015லதான் நீட்டிச்சாங்க. நம்ம நாட்டுல 2012ல திருத்தின காப்புரிமைச் சட்டம் பூட்டை உடைக்கிறதைக் குத்தம்னு சொல்லுது, ஆனா அடுத்தவன் காப்புரிமையை மீறணும்ங்கிற எண்ணத்தோட உடைச்சாத்தான். எங்க ஆயா பாட்டை எங்க அப்பாவுக்குப் போட்டுக் காட்டுறதுல யார் உரிமையை மீறப் போறேன்? கருவிக்குச் சொந்தக்காரர் மாமா. அவர்கிட்ட கேட்டாச்சு. "தாராளமா பண்ணு மாப்ள"ன்னுட்டார்.

பாப்பாகிட்ட மட்டும் கேக்கல. எட்டு வயசுப் பொண்ணுகிட்ட என்னத்தக் கேக்கிறதுன்னு.

ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரி ரெண்டரை மணி நேரம் தாங்கும், ஐபாட்ல பாதி சார்ஜ். இதை விட்டா மறுநாள் நான் ஓசூர் கெளம்பணும். மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்தோம். ஐடியூன்ஸ் ஏற்கனவே போட்டாச்சு (அதோட டிரைவர் இல்லாம லேப்டாப்புக்கு ஐபாட்டை அடையாளம் தெரியாது). ஜாவா போட்டாச்சு.

இப்ப ஐபாட்டை டிஎஃப்யூங்கிற நிலைக்குக் கொண்டு போகணும். ஓட்டை இருக்கிறது அங்கதான். மேல இருக்கிற பொத்தானையும் கீழ இருக்கிற ஹோம் பொத்தானையும் சேத்து பத்து வினாடி அமுக்கணும். அப்புறம் மேல் பொத்தானை மட்டும் விட்டுட்டு ஹோமை இன்னொரு பத்து வினாடி. வெற்றின்னா திரை கருப்பாவே இருக்கும். ஆப்பிள் படமோ கேபிள் படமோ வந்தா தோல்வி. தங்கச்சி எண்ணுனா. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." அவசரக்காரி, அவளோட பத்து வினாடி ஏழு வினாடிதான். மூணு தடவை ஆப்பிள் வந்துச்சு. நாலாவது தடவை அப்பா தன்னோட கைக்கடிகாரத்தைப் பாத்து எண்ணுனார். மோட்டாருக்குக் காத்திருக்கிற மனுஷன், நேரம் கணக்கா இருந்துச்சு. திரை கருப்பு. லேப்டாப்புல "டிங்"னு சத்தம்.

நிரல் வரி வரியா ஓட ஆரம்பிச்சுது. டேட்டா கார்டு எறும்பு ஊர்ற வேகத்துல துண்டுகளை இறக்குச்சு. இருபது நிமிஷம் யாரும் பேசல. பேட்டரி அறுபது, அம்பத்தஞ்சு, அம்பது. கடைசியில "வெற்றி"ன்னு ஒரு வரி, கூடவே எந்த வழியில நுழையணும்னு ஒரு எண்.

கடவுச்சொல் "ஆல்பைன்". ஆப்பிளோட பொறியாளர்கள் மொத ஐபோன்லயே ரூட் கணக்குக்கு வெச்ச சொல் இது. ஜெயில்பிரேக் பண்றவங்க பல பேர் இதை மாத்தாம விட்டதால, 2009 நவம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் எழுதின புழு, போன் போனாத் தாவி, திரையில ரிக் ஆஸ்ட்லிங்கிற பாடகரோட படத்தை ஒட்டிட்டுப் போச்சு. உலகமே அறிஞ்ச சாவியப் போட்டு உள்ள போனேன்.

உள்ள போனதும்தான் எனக்கு ஒரு உண்மை உறைச்சுது. கடவு எண் நாலு இலக்கம், மொத்தமே பத்தாயிரம் சாத்தியம். இதே வழியில நுழைஞ்சு கருவியையே எல்லா எண்ணையும் முயல வெச்சு கண்டுபிடிக்கிற நிரல்களும் இருந்துச்சு, ரொம்ப நேரம்கூட ஆகாது. அதுக்கும் தயாராத்தான் உக்காந்தேன். தேவையே படல. அந்தக் காலத்து ஐஓஎஸ்ல எல்லாக் கோப்பும் குறியாக்கம் செஞ்சதுதான், ஆனா கடவு எண்ணோட பின்னிப் பூட்டினது மெயில் மாதிரி கொஞ்சம்தான். படம், பாட்டு, குரல் பதிவெல்லாம் கருவியோட சொந்தச் சாவியிலயே திறந்துக்கும். முன்வாசல்ல பெரிய பூட்டு, கொல்லைப்புறத்துல வெறும் படல். பாப்பாவோட ரகசிய எண் அவகிட்டயே பத்திரமா இருந்துச்சு.

பதிவுகள் இருக்கிற ஃபோல்டர்ல பதினேழு கோப்பு. ஒவ்வொண்ணா லேப்டாப்புக்கு இழுத்துப் போட்டேன். பேட்டரி முப்பது சதம். ஐபாட்டை அணைச்சேன். உள்ள ஒரு எழுத்துகூட மாறல.

பதினேழுல பெரும்பாலும் பாப்பா தானே பாடிக்கிட்டது, நாய் குரைச்சது, மாமா குறட்டை (இது தனியா நாலு கோப்பு). ஆகஸ்ட் 2 தேதி போட்டது ஒண்ணே ஒண்ணு. ஆறு நிமிஷம் சொச்சம். அப்பாவை வாங்கன்னேன். அம்மா, தங்கச்சி, அக்கா, மாமா, பாப்பா எல்லாரும் மெழுகுவத்தியச் சுத்தி.

மொத ரெண்டு நிமிஷம் ஆயா கரண்ட்காரனைத் திட்டுது. அப்புறம் ரேஷன் அரிசியைத் திட்டுது. பாப்பா பாட்டு பாடுன்னு நச்சரிக்கிறா. ஆயா மாட்டேங்குது. அப்புறம் தொண்டையக் கனைச்சிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்லுச்சு:

"நான் பாடுனேன்னு உங்க தாத்தங்கிட்ட சொல்லிடாத. கிண்டல் பண்ணுவான். யாருக்கும் போட்டுக் காட்டாத, என்ன?"

"சரி ஆயா. சத்தியமா."

லேப்டாப்ல இருந்து வந்த அந்தச் சத்தியத்தைக் கேட்டுட்டு எல்லாரும் பாப்பாவப் பாத்தோம். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்பத்தான் புரிஞ்சுது அவ எதுக்கு எண்ணை மாத்துனான்னு. பெரியவங்க கேம், பூட்டு, பிடிவாதம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். அவ குடுத்த வாக்கைக் காப்பாத்திக்கிட்டிருந்தா. அத நான் ஓட்டையக் கண்டுபிடிச்சு, ஊரே அறிஞ்ச சாவியப் போட்டு, பெருமையா உடைச்சிட்டு உக்காந்திருக்கேன்.

நிறுத்தலாமான்னு மவுஸுல கை வெச்சேன். அதுக்குள்ள ஆயா பாட ஆரம்பிச்சிருச்சு.

மெல்லிசா, உள்ளுக்குள்ளயே சுத்துற ராகம். கல்லு ஒரு சுத்து வர்ற நேரத்துக்கு ஒரு அடி. எடையில பாதியக் கல்லும் பாதியப் பாட்டும் தூக்குற மாதிரி. அப்பாவோட கை மெழுகுவத்திக்குப் பக்கத்துல, தரையில மெதுவா வட்டம் போட்டுது. அவர் அத கவனிக்கல. சின்ன வயசுல அந்தக் கல்லுப் பக்கத்துல படுத்துத் தூங்கினவராச்சே. நாலாவது அடியோ அஞ்சாவது அடியோ போய்க்கிட்டிருக்கும்போது, பதிவுல திடீர்னு ஒரே கூச்சல். தெருப் பசங்க "ஏ...!"ன்னு கத்துறாங்க. டிவி அலறுது. பாப்பா குரல்: "ஐ, கரண்ட் வந்துருச்சு!" ஓடுற சத்தம். ஆயா பாட்டை விட்டுட்டு "மோட்டார் போடச் சொல்லு உங்க தாத்தன"ங்குது. அத்தோட பதிவு முடிஞ்சுது.

அவ்வளவுதான். மிச்சப் பாட்டு கிடையாது. கரண்ட் இல்லாததால பொறந்த பாட்டு, கரண்ட் வந்ததால நின்னு போச்சு. ஓசூர்ல இருந்து மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போன நான் ஒரு தடவையாவது கேட்டிருந்தா மிச்சத்தையும் பாடியிருக்கும். எந்த பூட் ராம்லயும் அதுக்கு ஓட்டை கிடையாது.

அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் பாப்பாவப் பக்கத்துல கூப்பிட்டார். "நீ சொல்லல கண்ணு. உங்க மாமந்தான் திருடிட்டான். உன் சத்தியம் அப்படியேதான் இருக்கு"ன்னார். பாப்பா என்னைப் பாத்து ஒரு மொறை மொறைச்சா பாருங்க. பத்து வருஷத்துக்கு மேலாச்சு, இன்னும் வலிக்குது.

நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். மீதிப் பதினாறு கோப்பையும் அவ முன்னாடியே லேப்டாப்புல இருந்து அழிச்சேன். ஆயா கோப்பை மட்டும் எம்பி3யா மாத்தி, அவ "சரி"ன்னப்புறம், அப்பாவோட நோக்கியாவுல ஏத்தினேன். ராத்திரி மும்முனை கரண்டுக்குக் காத்திருக்கும்போது வரப்புல உக்காந்து கேப்பார்னு அம்மா சொல்லும். கடைசி வரியில ஆயா மோட்டார் போடச் சொல்லும்போது நெசமாவே சில நாள் கரண்ட் வந்திருக்காம்.

அப்புறம் ஐபாட்டை ரீஸ்டோர் பண்ணிக் குடுத்துட்டேன். இப்ப அது பேட்டரி உப்பி, பீரோவுல தூங்குது. ஐபாட் தயாரிப்பையே ஆப்பிள் 2022 மே மாசத்தோட நிறுத்திருச்சு.

கடைசியா ஒரு விஷயம். நான் நுழைஞ்ச கொல்லைப்புறப் படலை 2014ல ஐஓஎஸ் 8 வந்தப்ப அடைச்சிட்டாங்க. படம், செய்தி, பதிவுன்னு கிட்டத்தட்ட எல்லாத்தையும் கடவு எண்ணோட பின்னிட்டாங்க. 2016ல அமெரிக்க எஃப்பிஐயே ஒரு கொலையாளியோட ஐபோன் 5சியத் திறக்க முடியாம, ஆப்பிளே வழி பண்ணித் தரணும்னு கோர்ட்டுக்குப் போச்சு. அப்புறம் வேற ஒருத்தர் உதவியில திறந்துட்டு வழக்கை விட்டுருச்சு. 2019ல செக்எம்8னு லைம்ரெய்ன் மாதிரியே ஒரு பூட் ராம் ஓட்டை வெளிய வந்துச்சு, ஆனா அத வெச்சு உள்ள போனாலும் கடவு எண் இல்லாம பெரும்பாலான கோப்பைப் படிக்க முடியாது. இன்னிக்கு எங்க ஆயா பாட்டு ஒரு புது போன்ல மாட்டியிருந்தா நான் தோத்திருப்பேன்.

அது நல்லதா கெட்டதான்னு என்னைக் கேட்டா, வருத்தமா இருந்தாலும் நல்லதுதான்னு சொல்வேன். நான் நுழைஞ்ச வழியிலதான் திருடனும் நுழைவான், சந்தேகப்படுற புருஷனும் நுழைவான். ஓட்டைக்கு ஆயா பேரன் யாரு, அயோக்கியன் யாருன்னு தெரியாது. எட்டு வயசுப் பொண்ணு போட்ட பூட்டுக்கும் ஒரு காரணம் இருக்கும்னு எனக்கே அன்னிக்குத்தானே தெரிஞ்சுது.

பாப்பா இப்ப காலேஜ் முடிச்சிட்டா. போன பொங்கலுக்கு வந்தப்ப சும்மா கேட்டேன்.

"அந்த நம்பர் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"என்ன?"

"சொல்ல மாட்டேன்."

டிஸ்கி: ஐபோன் வெச்சிருக்கவங்க, 2021 டிசம்பர்ல இருந்து, நமக்கு அப்புறம் நம்ம ஆப்பிள் கணக்குல இருக்கிறதை யார் பாக்கலாம்னு ஒருத்தரை முன்கூட்டியே நியமிக்கிற வசதி இருக்கு. அமைப்புகள்ல தேடிப் பாத்துப் போட்டு வைங்க. அதைவிட முக்கியம், வீட்டுல பாடத் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா இன்னிக்கே கேட்டுருங்க. முழுப் பாட்டையும்.